வந்தபோது நலமாக இருந்தவர்கள்

கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ மாவட்டத்தில் வாழும் மெக்சிகோ வம்சாவளியினர் சுமார் 3,000 பேரை நேரில் கண்டு பேசி நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று 1998-இல் வெளியானது. வில்லியம் வேகா தலைமையிலான குழு அதை நடத்தியது. மதுவுக்கும் போதைக்கும் அடிமையாவது உட்பட, ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு வாழ்நாளில் எப்போதாவது வந்திருக்கிறதா என்று அவர்கள் கணக்கெடுத்தார்கள். மெக்சிகோவில் பிறந்து இங்கே குடியேறியவர்களில் 24.9 விழுக்காட்டினருக்கு அப்படி வந்திருந்தது. அமெரிக்காவிலேயே பிறந்தவர்களில் அது 48.1 விழுக்காடு. குடியேறியவர்களுக்குள்ளும், வந்து 13 ஆண்டுகள் ஆகாதவர்களைவிட அதற்கு மேல் இங்கே காலம் தள்ளியவர்களின் நிலை மோசமாக இருந்தது.

ஃப்ரெஸ்னோ அமைந்திருக்கும் இந்த மத்தியப் பள்ளத்தாக்கில்தான் நான் செவிலியராக வேலை செய்கிறேன். சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள், பாதாம் தோப்புகள், தக்காளி வயல்கள். கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களிலும், முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு குனிந்து நிற்பவர்களில் ஏறக்குறைய எல்லோரும் மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் வந்தவர்கள். அவர்களுடைய மனச்சோர்வைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் படித்தவர்களிடமிருந்து ஒரே விளக்கம்தான் வருகிறது: வறுமையிலும் வன்முறையிலும் அடிபட்டு வந்தவர்கள், மனநோயை ஒப்புக்கொள்ள வெட்கப்படுகிறவர்கள், ஊரிலிருந்தே சுமையோடு வந்தவர்கள். அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் எனக்கு ஃப்ரெஸ்னோ ஆய்வு நினைவுக்கு வருகிறது. ஊரில் பட்ட துயரம் பொய்யில்லை. ஆனாலும் வரும்போது அவர்கள் பெரும்பாலும் நலமாகவே வருகிறார்கள் என்பதையும், இங்கே வாழ வாழத்தான் அந்த நலம் கரைகிறது என்பதையும் எங்கள் மாவட்டத்துக் கணக்கே காட்டியிருக்கிறது.

இந்தக் கணக்குக்கு மறுப்புகள் உண்டு. உடலும் மனமும் உறுதியானவர்களே பாலைவனத்தைக் கடந்து வரத் துணிவார்கள் என்பதால், தொடக்கத்திலேயே சல்லடையில் சலித்ததுபோல ஒரு தேர்வு நடந்துவிடுகிறது என்பது ஒன்று. லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரான லத்தீனோ மக்கள் எல்லோருக்கும் இது ஒரேபோலப் பொருந்தாது என்பது இன்னொன்று. மார்கரீத்தா அலெக்ரியாவும் அவருடைய குழுவினரும் 2008-இல் வெளியிட்ட தேசிய அளவிலான பகுப்பாய்வில் மெக்சிகோவினரிடம் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது; பிறப்பாலேயே அமெரிக்கக் குடிமக்களான புவர்ட்டோ ரிக்கோவினரிடம் அப்படித் தெரியவில்லை. இரண்டு மறுப்புகளையும் ஏற்றுக்கொண்ட பிறகும், உறுதியோடு வந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் ஏன் தேய்கிறார்கள் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

விடையின் ஒரு பகுதி, பிரையன் ஃபின்ச் என்பவரோடு சேர்ந்து வேகா 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் இருக்கிறது. தங்களை மற்றவர்கள் தாழ்வாக நடத்துகிறார்கள் என்று உணர்ந்தவர்களிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் கூடுதலாக இருப்பதை அது காட்டியது. கேட்டால், இதற்கு ஆய்வு வேண்டுமா என்று தோன்றும். ஆனால், பாகுபாடு என்றதும் நாம் நினைப்பது வசையையும் அடியையும்தான். நோயாளிகள் என்னிடம் சொல்வது வேறு வகை. கடையில் வரிசையில் நிற்கும்போது பின்னால் நிற்பவர் விடும் பெருமூச்சு. மேற்பார்வையாளர் பெயரைச் சொல்லிக் கூப்பிடாமல் விரலைச் சொடுக்குவது. பள்ளி அலுவலகத்தில் தாயின் முகத்தைப் பார்க்காமல் பிள்ளையின் முகத்தைப் பார்த்தே பேசி முடிப்பது. இவற்றில் எதையும் புகாராக எழுதிக் கொடுக்க முடியாது. எழுத முடியாததால், அது நடந்ததா, நாமே நினைத்துக்கொண்டோமா என்ற ஐயமும் கூடவே ஒட்டிக்கொள்கிறது. அந்த ஐயம் உறக்கத்தைத் தின்கிறது. எப்போது யார் எப்படி நடந்துகொள்வார்களோ என்று உடம்பு காலையிலிருந்து இரவுவரை காவல் நிற்கிறது. அப்படி ஆண்டுக்கணக்கில் நின்ற உடம்புதான் பிறகு இரத்த அழுத்தம், வயிற்றெரிச்சல், தலைவலி என்று எங்கள் வாசலுக்கு வருகிறது. வருகிறவர்கள் அதை, நரம்புக் கோளாறு என்ற பொருளில் வழங்கும் ஸ்பானியச் சொல்லால், "நெர்வியோஸ்" என்கிறார்கள். மனச்சோர்வு என்று யாரும் சொல்லிக்கொண்டு வருவதில்லை.

பாகுபாட்டையும் மொழித் தடையையும் இரு வேறு காரணங்களாகப் பிரித்து எழுதும் வழக்கம் சுகாதார அறிக்கைகளில் உண்டு. எனக்கு அந்தப் பிரிப்பில் நம்பிக்கை இல்லை. அமெரிக்காவின் தென்மேற்கில் மொழி என்பது நீண்ட காலமாகவே ஆட்களைப் பிரித்தெடுக்கும் அடையாளம். டெக்சாஸின் மார்ஃபா என்னும் சிற்றூரில் மெக்சிகோ வம்சாவளிக் குழந்தைகளுக்கென்று தனியே நடந்த பிளாக்வெல் பள்ளியில், 1954-இல் ஒரு சடங்கு நடத்தினார்கள். பள்ளியில் ஸ்பானிய மொழி பேசமாட்டேன் என்று குழந்தைகளைக் காகிதத் துண்டுகளில் எழுதவைத்து, அந்தக் காகிதங்களைப் பெட்டியில் இட்டு, கொடிக்கம்பத்துக்கு அருகே குழி தோண்டிப் புதைக்கவைத்தார்கள். ஆசிரியர்கள் முன்னின்று நடத்திய சவ அடக்கம் அது. அதன் பிறகும் தாய்மொழியில் வாய் திறந்தவர்களுக்கு அடி கிடைத்தது. அந்தப் பள்ளியைத் தேசிய வரலாற்றுத் தலமாக்கும் சட்டம் 2022-இல்தான் வந்தது. தாத்தாவும் பாட்டியும் அப்படி அடிபட்டதால் தங்கள் பிள்ளைகளுக்கு ஸ்பானிய மொழியைச் சொல்லிக்கொடுக்காமலே விட்ட குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று தம் பெயரைத் தாமே சரியாக உச்சரிக்கத் தெரியவில்லை என்று உறவினர்களிடம் கேலிக்கு ஆளாகிறார்கள்.

இதைப் பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. மொன்டானா மாநிலத்தின் ஹாவர் என்ற ஊரில் 2018 மே மாதம், கடை வரிசையில் ஸ்பானிய மொழியில் பேசிக்கொண்டிருந்த இரண்டு பெண்களை எல்லைக் காவல் அதிகாரி ஒருவர் நிறுத்தி அடையாள அட்டை கேட்டார். இருவரும் அமெரிக்கக் குடிமக்கள். ஏன் நிறுத்தினீர்கள் என்று அவர்கள் கைபேசியில் பதிவு செய்தபடி கேட்டபோது, நீங்கள் ஸ்பானிய மொழி பேசியதுதான் காரணம் என்று அந்த அதிகாரியே சொன்னார். வழக்கு 2020-இல் இழப்பீட்டோடு முடிந்தது. ஆனால் 2025-இல் காற்று எதிர்த்திசையில் வீசியது. லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில், இனத்தோற்றம், ஸ்பானிய மொழி பேசுவது அல்லது ஆங்கிலத்தை வேற்று உச்சரிப்போடு பேசுவது, நிற்கும் இடம், செய்யும் வேலை ஆகியவற்றை மட்டுமே வைத்து ஆட்களை நிறுத்தி விசாரிக்கக் கூடாது என்று கீழ் நீதிமன்றம் விதித்த தடையை, உச்ச நீதிமன்றம் செப்டம்பர் 8 அன்று நிறுத்திவைத்தது. அதற்கு முன்பே, மார்ச் 1 அன்று, ஆங்கிலத்தை நாட்டின் அலுவல் மொழியாக அறிவித்த அதிபரின் ஆணை, ஆங்கிலம் அதிகம் தெரியாதவர்களுக்கும் அரசு சேவைகள் எட்ட வேண்டும் என்று 2000-ஆம் ஆண்டில் பில் கிளிண்டன் பிறப்பித்திருந்த ஆணையை விலக்கிக்கொண்டது. பேருந்தில் கைபேசி அடித்தால் எடுக்க அஞ்சுகிறேன் என்று ஒரு தாய் சொல்வாரானால், அதை அளவுக்கு மீறிய பதற்றம் என்று மருத்துவக் குறிப்பில் எழுத எனக்குக் கை வராது. அந்த அச்சத்துக்கு அடிப்படை இருக்கிறது.

அச்சம் உடம்பில் எவ்வளவு ஆழம் இறங்கும் என்பதற்கு அயோவா மாநிலத்தில் ஒரு சான்று கிடைத்தது. போஸ்ட்வில் என்ற சிற்றூரின் இறைச்சி ஆலையில் 2008 மே 12 அன்று குடிவரவு அதிகாரிகள் நடத்திய சோதனையில் 389 பேர் கைதானார்கள்; பெரும்பாலோர் குவாத்தமாலாவிலிருந்து வந்தவர்கள். ஊரின் மக்கள்தொகையே சில ஆயிரம்தான். அந்தச் சோதனைக்குப் பிந்தைய 37 வாரங்களில் அயோவா மாநிலம் முழுவதும் லத்தீனோ தாய்மார்களுக்குப் பிறந்த குழந்தைகளின் எடையை, முந்தைய ஆண்டின் அதே காலத்தோடு ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். எடை குறைவாகப் பிறக்கும் இடர் 24 விழுக்காடு கூடியிருந்தது. 2017-இல் வெளியான இந்த ஆய்வில் என்னை நிலைகுலையச் செய்தது வேறொன்று. அமெரிக்காவில் பிறந்த, யாரும் நாடு கடத்த முடியாத லத்தீனோ தாய்மார்களின் குழந்தைகளிடமும் அந்தக் கூடுதல் தெரிந்தது. வெள்ளையினத் தாய்மார்களின் குழந்தைகளிடம் தெரியவில்லை. கைதானவர்களில் தம் உறவினர் எவரும் இல்லாத பெண்களும், போஸ்ட்வில் எங்கே இருக்கிறது என்றே அறியாத பெண்களும் அந்தக் கணக்கில் கட்டாயம் இருந்திருப்பார்கள். தம்மைப் போன்றவர்களுக்கு நேர்ந்தது தமக்கும் நேரலாம் என்ற எண்ணம் கருப்பை வரை எட்டியிருக்கிறது.

எங்கள் மாவட்டத்துக்குத் தெற்கே கெர்ன் மாவட்டத்தில் 2025 ஜனவரியில் எல்லைக் காவல் படையினர் நடத்திய சோதனைகளுக்குப் பிறகான நாட்களில், எங்கள் காத்திருப்புக் கூடத்தில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. சர்க்கரை நோய்க்கு மாத்திரை வாங்கிப் போக வேண்டியவர்கள் வரவில்லை. மன ஆறுதல் தேடி வந்துகொண்டிருந்தவர்கள் அவர்களுக்கும் முன்பே நின்றுவிட்டார்கள். கால் புண்ணுக்காக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டாவது ஒருவர் வருவார். தூக்கம் வரவில்லை என்பதற்காக வரமாட்டார்.

இனி, வந்துவிட்டவருக்கு அறைக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். மனச்சோர்வைக் கண்டறிய அமெரிக்காவின் மருத்துவமனைகளில் ஒன்பது கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். கடந்த இரண்டு வாரங்களில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா, சோர்வாக இருந்ததா, உறக்கம் கெட்டதா என்று வரிசையாகக் கேட்டு, இல்லவே இல்லை என்றால் பூஜ்யம், ஏறக்குறைய எல்லா நாளும் என்றால் மூன்று என்று மதிப்பெண் இடுவார்கள். மொத்தம் 27. ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் நல்லது என்றோ தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ எண்ணம் வந்ததா என்பது.

நான் முன்பு வேலை பார்த்த மருத்துவமனை ஒன்றில், தக்காளி பொதி கட்டும் கூடத்தில் வேலை செய்யும் ஒரு பெண் தன் மகனோடு வந்திருந்தார். பையனுக்குப் பன்னிரண்டு வயதுக்கு மேல் இருக்காது. தாய்க்கு ஆங்கிலம் தெரியாது. அன்றைக்கு வரிசை நீளம். மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் பிடிப்பதற்குள் நேரம் போய்விடும் என்று, அந்தப் பையனையே கேட்கச் சொல்லிவிட்டார்கள். இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைத் தாயின் கையில் சுற்றியபடி நான் பக்கத்தில் நின்றிருந்தேன். பையன் சுறுசுறுப்பாக, கொஞ்சம் பெருமையோடுகூட, கேள்விகளை ஒவ்வொன்றாக ஸ்பானிய மொழியில் கேட்டு, பதிலை ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு வந்தான். ஆறாவது கேள்விக்கு மேல் அவன் குரல் தணிந்தது. ஒன்பதாவது கேள்வியை அந்த மருத்துவ உதவியாளர் வாசித்ததும், அவன் படிவத்தை ஒரு முறை பார்த்தான், பிறகு தாயின் பக்கம் திரும்பி, "மமி, தண்ணீர் வேண்டுமா?" என்று கேட்டான். வேண்டாம் என்று அவர் தலையசைத்தார். "இல்லை என்கிறார்" என்றான் பையன். பூஜ்யம் பதிவாயிற்று. மாலை வகுப்பில் நான் கற்றிருந்த ஸ்பானிய மொழி, நடந்தது என்னவென்று புரிந்துகொள்ளப் போதுமானதாக இருந்தது. மொழிபெயர்ப்பாளரை அழைக்க வேண்டும் என்று நான் வற்புறுத்தினேன். பையனை வெளியே உட்காரவைத்தோம். ஒன்பது கேள்விகளும் திரும்பக் கேட்கப்பட்டன. அந்தத் தாய் சொன்ன பதிலை இங்கே எழுதமாட்டேன். அது பூஜ்யம் அல்ல என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அந்தப் பையன் மேல் எனக்கு மதிப்பு மட்டுமே உண்டு. தாயிடம் கேட்கக் கூடாத ஒன்றை அவன் கேட்கவில்லை. கேட்க வைத்ததுதான் கொடுமை, சட்டப்படி தவறும்கூட. மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தச் சட்டத்தின் 1557-ஆம் பிரிவின் கீழ் 2016-இல் வந்த விதிகள், பாதுகாப்புக்கோ நலனுக்கோ உடனடி ஆபத்து உள்ள அவசர நிலை தவிர, குழந்தைகளை மொழிபெயர்ப்பாளராகப் பயன்படுத்தக் கூடாது என்றன; 2024-இல் வெளியான விதிகளும் அதையே உறுதி செய்தன. மொழிபெயர்ப்பில் தவறு நேர்வது எவ்வளவு இயல்பு என்பதும் புதிய செய்தியல்ல. கிளென் ஃபுளோரெஸும் பிறரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தைகளுக்கான மருத்துவமனை ஒன்றில் ஸ்பானிய மொழி பேசும் குடும்பங்களோடு நடந்த 13 சந்திப்புகளைப் பதிவு செய்து கேட்டபோது, ஒரு சந்திப்புக்குச் சராசரியாக 31 தவறுகள் இருந்தன. அவற்றில் 63 விழுக்காடு மருத்துவ ரீதியில் விளைவு ஏற்படுத்தக் கூடியவை. காதுவலிக்கும் காய்ச்சலுக்குமே நிலைமை இதுதான். எலும்பு முறிந்தால் ஊடுகதிர்ப் படம் காட்டிக் கொடுக்கும்; மனம் முறிந்ததைக் காட்ட நோயாளியின் பேச்சைத் தவிர வேறு கருவி கிடையாது. மருந்தின் பெரும்பகுதியும் பேச்சுதான். அந்தப் பேச்சை அறுத்துவிட்டு எந்த மனநலச் சிகிச்சையும் நடக்க முடியாது.

ஸ்பானிய மொழியில் பேசக்கூடிய சிகிச்சையாளரிடம் அனுப்பிவிடலாமே என்று கேட்கலாம். அமெரிக்க உளவியலாளர் சங்கம் 2015-இல் எடுத்த கணக்கெடுப்பின்படி, ஸ்பானிய மொழியில் சிகிச்சை அளிக்கக்கூடிய உளவியலாளர்கள் 5.5 விழுக்காட்டினர் மட்டுமே. நாட்டின் மக்கள்தொகையில் லத்தீனோ மக்கள் 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 6.21 கோடி, அதாவது 18.7 விழுக்காடு. அவர்களில் ஆங்கிலம் நன்றாக அறிந்தவர்களே மிகுதி என்பது உண்மை. ஆனாலும் எங்கள் பள்ளத்தாக்கின் சிற்றூர்களில், மாதக்கணக்கில் காத்திருந்தால்தான் ஒருவருக்கு முறை வருகிறது.

ஸ்பானிய மொழியே தெரியாதவர்களும் இருக்கிறார்கள் என்பது அமெரிக்காவிலேயே பலருக்குத் தெரியாது. தெற்கு மெக்சிகோவின் வஹாக்கா, கெரேரோ மாநிலங்களிலிருந்து வந்த மிஸ்தெக்கோ, சபோத்தெக்கோ, திரீக்கி ஆகிய பழங்குடி மக்களுக்கு, ஸ்பானிய மொழி பள்ளியில் அரைகுறையாகக் கேட்ட இரண்டாம் மொழி. மருத்துவமனை அவர்களை லத்தீனோ என்று பதிவு செய்து, ஸ்பானிய மொழிபெயர்ப்பாளரை அழைத்து, கடமை முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறது. அவர்களும் புரியாத கேள்விகளுக்கெல்லாம் மரியாதைக்காக, ஸ்பானிய மொழியில் ஆம் என்று பொருள்படும் "சீ, சீ" என்று தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். போதாததற்கு, சக மெக்சிகோவினரிடமிருந்தே அவர்களுக்கு இழிவு வருகிறது. ஸ்ட்ராபெரி வயல்கள் சூழ்ந்த ஆக்ஸ்னார்ட் நகரில், பள்ளிக் குழந்தைகளை "வஹாக்கிதா" என்று சிறுமைப்படுத்தி அழைப்பதை எதிர்த்து மிஸ்தெக்கோ சமூக அமைப்பு ஒன்று இயக்கம் நடத்தி, 2012-இல் அந்தச் சொல்லைப் பள்ளிகளில் தடை செய்ய வைத்தது. தாழ்வு மனப்பான்மையால் வகுப்பில் வாயே திறக்காத சிறுமிக்கு அந்தத் தடை எவ்வளவு பெரிய செய்தி என்பதை, சாதிப் பெயரால் அழைக்கப்பட்ட எவருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை.

ஆங்கிலம் கற்றுக்கொண்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்ற அறிவுரையையும் நான் நம்பவில்லை. வேலைக்கும் வீட்டு வாடகைக்கும் அது உதவும். கற்பதற்கான வகுப்புகள் தோட்டத் தொழிலாளரின் நேரத்துக்கு ஏற்ப நடக்க வேண்டும் என்பதும் என் விருப்பம். ஆனால் அமெரிக்காவில் பிறந்தவர்களும் சிறு வயதிலேயே வந்தவர்களும்தான், வளர்ந்த பின் வந்தவர்களைவிட, தாம் பாகுபாட்டுக்கு ஆளாவதாக அதிகம் சொல்கிறார்கள். மொழி புரியப் புரிய, முன்பு காதில் விழுந்தும் புரியாமல் போன சொற்கள் புரியத் தொடங்குகின்றன. ஊரோடு ஒப்பிட்டுப் பார்த்து நன்றாகவே இருக்கிறோம் என்று தேறியிருந்த தந்தைக்குப் பிறந்த மகன், தன் வகுப்புத் தோழர்களோடு தன்னை ஒப்பிட்டுப் பார்க்கிறான். ஃப்ரெஸ்னோ ஆய்வின் 48.1 விழுக்காட்டுக்குள் அவன்தான் இருக்கிறான்.

என் ஆங்கிலமும் சென்னை உச்சரிப்போடுதான் இருக்கிறது. அதற்காக என்னை யாரும் சாலையில் நிறுத்தியதில்லை. தொழிலுக்கான விசாவோடு, பட்டத்தோடு வந்திறங்கிய நமக்கும் இவர்களுக்கும் இடையில் மனவுறுதியில் வேறுபாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நடத்தப்படும் விதத்தில்தான் வேறுபாடு.

நான் கண்டவற்றில் உண்மையாகவே பயன் தருவது "ப்ரோமோத்தோரா" என்று அழைக்கப்படும் சமூக நலப் பணியாளர்களின் வேலை. அதே வயல்களில் வேலை செய்த பெண்கள்தாம் அவர்கள். பயிற்சி பெற்று, வீடு வீடாகப் போய், சமையலறையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். நெர்வியோஸ் என்று சொல்பவரிடம் அது எப்போது தொடங்கியது, அன்றைக்கு என்ன நடந்தது என்று பொறுமையாகக் கேட்கிறார்கள். கூட்டமாகப் பெண்களை உட்காரவைத்துப் பேசும்போது, மேற்பார்வையாளரின் ஏச்சுக்கு ஆளானது தான் மட்டுமில்லை என்று தெரிந்த மாத்திரத்தில், கூனியிருந்த தோள்கள் சற்று நிமிர்வதை நான் பார்த்திருக்கிறேன். இந்தப் பணியாளர்களுக்கான சம்பளம் பெரும்பாலும் குறுகிய கால நிதியிலிருந்து வருகிறது. நிதி முடிந்தால் ஆளும் போய்விடுகிறார். மருத்துவர் சம்பளத்தைப் போல இதையும் நிலையான செலவாக மாநில அரசு ஏற்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

அமெரிக்காவில் மருத்துவர்களாகவும் செவிலியர்களாகவும் மருந்தாளர்களாகவும் பள்ளி ஆலோசகர்களாகவும் இருக்கும் தமிழர்கள் பலர் இதை வாசிக்கக்கூடும். ஆங்கிலத்தை அலுவல் மொழியாக்கிய 2025-இன் ஆணை 1557-ஆம் பிரிவை நீக்கவில்லை. அரசு நிதி பெறும் மருத்துவமனையில் இலவசமாக மொழிபெயர்ப்பாளரைக் கேட்கும் உரிமை நோயாளிக்கு இன்றும் உண்டு. அதை அவருக்குச் சொல்லும் கடமை நமக்கு உண்டு. பிள்ளை கூட வந்திருந்தால் வெளியே உட்காரவையுங்கள். முதல் கேள்வியாக, வீட்டில் எந்த மொழி பேசுகிறீர்கள் என்று கேளுங்கள். மிஸ்தெக்கோ என்று பதில் வந்தால், எந்த ஊர் என்றும் சேர்த்துக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஓர் ஊரின் மிஸ்தெக்கோ இன்னோர் ஊருக்குப் புரியாமல் போவதுண்டு. ஊரைச் சொல்லாமல் பதிவு செய்தால், காத்திருந்து கிடைக்கும் மொழிபெயர்ப்பாளரின் பேச்சும் அந்த நோயாளிக்கு விளங்காது.